மொரிஷியஸ் கடற்கரையில் ஓர் இரும்புக் கூடம்: நிச்சயமின்மையை இயந்திரக் கற்றலால் கணக்கிடத் தொடங்குபவர்களுக்கு

1960 பிப்ரவரி இறுதியில் வந்த காரோல் புயலில் மொரிஷியஸில் பதிவான உச்சக் காற்று வீச்சு மணிக்கு 256 கி.மீ. 1975-இல் ஜெர்வேஸ் 280 தொட்டது. 1994-இல் ஹோலண்டா 216, 2002-இல் தீனா 228. காற்றழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். அதனால் 216-க்கும் 280-க்கும் இடையே அழுத்தத்தில் உள்ள வித்தியாசம் 68 சதவீதம். கடலோரத்தில் இரும்புக் கூடம் எழுப்பும் பொறியாளர் முன்னால் உள்ள கேள்வி இதுதான்: எந்த எண்ணை எடுப்பது, எடுத்த எண் தவறிப்போனால் கட்டடம் எவ்வளவு தாங்கும்?

கட்டட விதிநூல்கள் இதற்குப் பகுதிக் காப்புக் காரணிகளை, அதாவது சுமையைக் கூட்டியும் வலிமையைக் குறைத்தும் கணக்கிட வைக்கும் பெருக்கெண்களைத் தருகின்றன. பெரும்பாலான கட்டடங்களுக்கு அவை போதும். ஆனால் பழைய கூடத்தை மதிப்பிடும்போதும், உப்புக்காற்று தின்ற தூணைப் பார்க்கும்போதும், அடித்தளம் எவ்வளவு இறுக்கமானது என்று தெரியாதபோதும் காரணிகள் பதில் சொல்லாது. அப்போது ஒவ்வொரு நிச்சயமின்மையையும் தனித்தனியே எண்ணாக்கித் தோல்வி நிகழ்தகவைக் கணக்கிட வேண்டியிருக்கும். இயந்திரக் கற்றல் உதவுவது அந்தக் கணக்கில்தான். அது புயலை முன்கூட்டிச் சொல்லாது, துருவையும் குறைக்காது. பல மாதம் ஓட வேண்டிய கணக்கை ஒரு வார இறுதிக்குள் முடித்துத் தரும். நன்றாக அமைத்தால், எந்த இடத்தில் தனக்குத் தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லும். விடையைவிட அந்தத் தயக்கம் முக்கியம். இந்தக் கட்டுரை முழுக்க அதைச் சுற்றியே வரும்.

எடுத்துக்காட்டாக ஒரு கோவில் வளாகத்தின் கல்யாணக் கூடத்தை வைத்துக்கொள்வோம். அகலம் 15 மீட்டர், நீளம் 30 மீட்டர், 6 மீட்டர் இடைவெளியில் ஆறு போர்ட்டல் சட்டகங்கள், தூண் உயரம் 5 மீட்டர். மேலே, இந்தத் தீவில் ‘தோல்’ என்று சொல்லும் நெளிதகட்டுக் கூரை. கடல் கூப்பிடு தூரத்தில். பைத்தான் ஓரளவு எழுதத் தெரியும், போர்ட்டல் சட்டகத்தைக் கையால் கணக்கிடத் தெரியும் என்ற இரண்டையும் உங்களிடம் எதிர்பார்க்கிறோம்.

முதலில் காகிதத்தில் கணக்குப் போடுங்கள்

கணினியைத் திறக்கும் முன் இதைச் செய்யாமல் விடாதீர்கள். 256 கி.மீ. என்பது நொடிக்கு 71.1 மீட்டர். அதன் இருமடியை 0.613-ஆல் (காற்றின் அடர்த்தியில் பாதி) பெருக்கினால் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 3.1 கிலோநியூட்டன். ஒரு சட்டகம் சுமக்கும் கூரைப் பரப்பு 15 பெருக்கல் 6, அதாவது 90 சதுர மீட்டர். கதவுகள் மூடியிருக்கும் நிலையில் வெளியே உறிஞ்சலுக்கு 0.8, உள்ளழுத்தத்துக்கு 0.2, மொத்தம் 1.0 என்று வைத்தால், கூரையை மேலே தூக்கும் விசை 279 கிலோநியூட்டன். தகடு, பர்லின், சட்டகம் எல்லாம் சேர்ந்த எடை சதுர மீட்டருக்கு 0.25 வீதம் 22.5 கிலோநியூட்டன்தான். மீதி 256 சொச்சத்தை இரண்டு தூண்கள் பகிர்கின்றன. தூணுக்கு நான்கு ஆங்கர் போல்ட் என்றால் ஒவ்வொன்றிலும் இழுவிசை சுமார் 32.

இப்போது காற்று பார்த்த பக்கத்துப் பெரிய கதவு பிய்ந்து போகட்டும். உள்ளழுத்தக் கெழு 0.2-இலிருந்து 0.7-க்குத் தாவும். தூக்கும் விசை 418. போல்ட் ஒன்றுக்குச் சுமார் 49.

எம்16, தரம் 4.6 போல்ட்டின் வடிவமைப்பு இழுதிறன் சுமார் 45 கிலோநியூட்டன். கதவு நின்றால் கூடம் நிற்கும், கதவு போனால் போல்ட்டும் போகும். எம்20 போட்டிருந்தால் அதே தரத்தில் சுமார் 70. இந்தக் கணக்கில் அடித்தளத் திருப்புவிசை இல்லை, இரண்டு தூண்களுக்கும் உள்ள வேறுபாடு இல்லை, கான்கிரீட்டோடு பெயர்ந்து வருவதும் இல்லை. ஆனாலும் சிக்கல் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை ஐந்தே நிமிடத்தில் காட்டிவிட்டது. பின்னால் கணினி தரும் எந்த விடையையும் இந்தக் கைக்கணக்கோடு ஒப்பிட்டுத்தான் நம்ப வேண்டும்.

இயந்திரக் கற்றல் தேவையா என்று கேளுங்கள்

எல்லைநிலையை, அதாவது தாங்குவதும் தோற்பதும் பிரியும் கோட்டை, ஒரே சூத்திரமாக எழுத முடிந்தால் தேவையில்லை. மேலே போட்ட போல்ட் கணக்கைப் பத்து லட்சம் முறை மான்டி கார்லோவில் (ஒவ்வொரு முறையும் எண்களைச் சமவாய்ப்பாக எடுத்து) ஓட்டினாலும் மடிக்கணினியில் சில நொடிதான். அதற்கு நியூரல் நெட்வொர்க் பயிற்றுவிப்பது வீண் வேலை, ஒரு புதிய பிழையையும் உள்ளே கொண்டுவரும்.

சட்டகம் வளைந்து, இளகி, அடித்தளம் திரும்பி, துருவேறிய பகுதி முதலில் மடங்குவதையெல்லாம் கட்டமைப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் நேர்கோடில்லா ஃபைனைட் எலிமென்ட் மாதிரியில் பார்க்கும்போதுதான் நேரம் நெரிக்கும். ஓர் ஓட்டம் 4 நிமிடம் என்று வையுங்கள். தென்னாப்பிரிக்காவின் சான்ஸ் 10160 விதிநூல் சாதாரணக் கட்டடங்களுக்கு நம்பகக் குறியீடு பீட்டாவின் (கூடக் கூடத் தோல்வி வாய்ப்பு குறையும் எண்) இலக்காக 3.0 வைக்கிறது. அதன் பொருள் தோல்வி நிகழ்தகவு 0.00135. அதை 10 சதவீதப் பிசகுக்குள் நேரடி மான்டி கார்லோவில் பிடிக்கச் சுமார் 74,000 ஓட்டம் வேண்டும், அதாவது 205 நாள். ஐரோப்பிய விதிநூலான யூரோகோடின் 50 ஆண்டு இலக்கு 3.8. அதற்குப் பதினான்கு லட்சம் ஓட்டம். இங்கேதான் பதிலி மாதிரி வருகிறது: நூறு இருநூறு உண்மை ஓட்டங்களைப் பார்த்து, மற்ற லட்சங்களை ஊகித்துச் சொல்லும் மாதிரி.

மாறிகளின் பட்டியல்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. புதியவர்கள் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு அல்காரிதத்துக்கு ஓடுவார்கள். பிறகு வரும் விடை எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் அடிப்படை ஆடும்.

நம் கூடத்துக்கு எட்டு மாறிகள் போதும்: 50 ஆண்டு உச்ச வீச்சு, அழுத்தக் கெழுவின் பிசகு, நிலைச்சுமை, எஃகின் இளகு வலிமை, அடித்தளத்தின் திருப்பு விறைப்பு, ஃபிளாஞ்சில் துரு தின்ற தடிமன், ஆங்கரின் தாங்குதிறன், கணக்கு முறையின் சொந்தப் பிசகு. கதவின் தாங்குதிறன் ஒன்பதாவது. அதை எப்படிக் கையாள்வது என்று பின்னால் சொல்கிறோம்.

ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம் எழுதுங்கள்: பரவல் வகை, சராசரி, மாறுபாட்டுக் கெழு (திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்தது), அந்த எண் எங்கிருந்து வந்தது. நான்காவதைக் காலியாக விட்டால் முதல் மூன்றுக்கும் மதிப்பில்லை. ஜேசிஎஸ்எஸ் என்ற கூட்டுக்குழுவின் நிகழ்தகவு மாதிரி விதித்தொகுப்பு நல்ல தொடக்கப்புள்ளி. கட்டமைப்பு எஃகின் இளகு வலிமைக்கு லாக்நார்மல் (லாகரிதம் எடுத்தால் நார்மலாகும் பரவல்), கெழு 7 சதவீதம். அழுத்தக் கெழுக்களுக்கு 10 முதல் 30 சதவீதம். எடை, வலிமை, தடிமன் போல எதிர்மறையாகப் போக முடியாதவற்றுக்கு நார்மல் பரவல் வைக்காதீர்கள். கெழு 30 சதவீதத்தை எட்டினால் லட்சம் மாதிரிகளில் சில பூஜ்யத்துக்குக் கீழே போய், நிரல் எங்கோ ஓரிடத்தில் சத்தமில்லாமல் தவறான வர்க்கமூலம் எடுக்கும்.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தத் தீவில் மற்ற ஏழையும் அதுவே விழுங்கும்.

முதல் ஆபத்து வேகத்தின் வரையறை. புயல் பதிவுகளில் சொல்லும் 256, 280 எல்லாம் சில நொடி நீடிக்கும் வீச்சு. யூரோகோடின் அடிப்படை வேகமோ 10 நிமிடச் சராசரி. திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் வீச்சு சராசரியைப் போலச் சுமார் 1.5 மடங்கு, அழுத்தத்தில் 2.3 மடங்கு. வீச்சு வேகத்தை எடுத்துச் சராசரி என்று நினைத்துச் சூத்திரத்தில் போட்டால் விசை இரண்டு மடங்குக்கு மேல் ஊதிவிடும். தலைகீழாகச் செய்தால் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பக்கத்துத் தீவான ரீயூனியனுக்குப் பிரெஞ்சு இணைப்பு தரும் அடிப்படை வேகம் நொடிக்கு 34 மீட்டர். 280-ஐ நொடிக்கு 77.8 என்று மாற்றி இரண்டையும் அருகருகே வைத்து மலைப்பவர்கள் உண்டு. இரண்டும் வெவ்வேறு அளவுகோல். மணிக்குக் கி.மீ.-யை நொடிக்கு மீட்டராக மாற்ற மறப்பது இன்னும் மோசம்: இருமடியில் அது 12.96 மடங்கு.

இரண்டாவது, தரவு எவ்வளவு குறைவு என்பது. 30 ஆண்டு உச்சங்களை, உச்ச மதிப்புகளுக்கென்றே உள்ள கும்பெல் பரவலில் பொருத்துகிறீர்கள், அவற்றின் திட்டவிலக்கம் 40 கி.மீ. என்று வையுங்கள். 50 ஆண்டு வேகத்தை மதிப்பிடுவதில் உள்ள பிசகு திட்டவிலக்கத்தைப் போலச் சுமார் 0.6 மடங்கு, அதாவது 25 கி.மீ. மதிப்பீடு 200 என்றால் வேகத்தில் 12 சதவீதம், அழுத்தத்தில் 25 சதவீதம் ஆட்டம். இது காற்றின் இயல்பான சிதறல் அல்ல, நம்மிடம் பதிவு குறைவு என்பதால் வந்தது. இரண்டையும் ஒரே எண்ணில் கலந்துவிடாமல் தனித்தனியே வைத்திருங்கள். முன்னது என்ன செய்தாலும் குறையாது, பின்னது பதிவு சேரச் சேரக் குறையும்.

இன்னொன்று: புயல் வராத ஆண்டுகளும் உண்டு. புயல் காற்றையும் சாதாரணக் குளிர்காலக் காற்றையும் ஒரே வரிசையில் போட்டு ஒரே கும்பெலைப் பொருத்தினால் வால்பகுதி, அதாவது அரிய உச்சங்கள் இருக்கும் ஓரம், தவறும். புயல் எத்தனை வருகிறது என்பதற்குப் பாய்சான் என்ற எண்ணிக்கைப் பரவல், வந்தால் எவ்வளவு வீசும் என்பதற்கு ஒரு வேக வரம்புக்கு மேற்பட்டவற்றின் பரவல் என்று இரண்டாகப் பிரிப்பது மேல். பதிவு எடுத்த நிலையமும் முக்கியம். வாக்கோவா மேட்டுநிலத்தில் இருக்கிறது, பிளேசான்ஸ் தென்கிழக்குக் கடலோரச் சமவெளியில். நிலப்பரப்புத் திருத்தம் செய்யாமல் இரண்டையும் சேர்க்கக்கூடாது.

துருவுக்கு, சூழலின் அரிப்புத்தன்மையை வகை பிரிக்கும் ஐஎஸ்ஓ 9223 தரநிலை உதவும். கடலோரச் சி5 சூழலில் கரிம எஃகு முதல் ஆண்டில் 80 முதல் 200 மைக்ரோமீட்டர் இழக்கும். அதை ஆண்டெண்ணிக்கையால் அப்படியே பெருக்காதீர்கள், வேகம் போகப்போகத் தணியும். பூச்சு எத்தனை ஆண்டு காத்தது என்பதுதான் உண்மையான கேள்வி.

ஃபைனைட் எலிமென்ட் மாதிரியைப் பழக்குதல்

ஓப்பன்சீஸ் என்ற ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளின் பைத்தான் வடிவம் இலவசம், இந்த வேலைக்குப் பொருத்தம். எட்டு எண்களை உள்ளே கொடுத்தால் ஒரு விடை வெளியே வரும்படி நிரலை ஒரே சார்பாக எழுதுங்கள்.

எந்த விடை? ‘இந்தக் காற்றில் தூண் உச்சி எவ்வளவு நகர்ந்தது’ என்று கேட்காதீர்கள். சரியும் நேரத்தில் நகர்வு எல்லையில்லாமல் போகும், கணக்கும் ஒருங்காமல், அதாவது ஒரு விடையில் வந்து நிலைக்காமல், நிற்கும். மாறாக, நிலைச்சுமையைப் பிடித்து வைத்துக் காற்றை மட்டும் படிப்படியாக ஏற்றி, எத்தனை மடங்கில் சட்டகம் விழுகிறது என்று எடுங்கள். அந்த மடங்கின் லாகரிதத்தைப் பதிலிக்குக் கற்றுக்கொடுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே போனால் தோல்வி. லாகரிதம் எடுத்ததும் வளைவு ஏறக்குறைய நேராகிவிடும், பாதி ஓட்டங்களிலேயே நன்றாகக் கற்கும்.

ஒருங்காத ஓட்டங்களைத் தூக்கி எறிவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும், அதிகம் கெடுக்கும் தவறு. 80 ஓட்டத்தில் 6 நின்றுபோனால் மீதி 74-ஐ வைத்துத் தொடரத் தோன்றும். ஆனால் நின்றுபோனவை பெரும்பாலும் மெலிந்த ஃபிளாஞ்சும் பலத்த காற்றும் சேர்ந்தவை, தோல்விப் பகுதியின் நடுவில் உள்ளவை. அவற்றை நீக்கினால் கட்டடம் காகிதத்தில் பலமாகிவிடும். சுமைப் படியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் நின்றால், நின்ற இடத்துச் சுமைமடங்கைக் கையால் பார்த்து அது உண்மைச் சரிவா, எண்கணிதச் சிக்கலா என்று முடிவு செய்து பதியுங்கள்.

முதல் மாதிரிப் புள்ளிகள்

மாறி ஒன்றுக்குப் பத்து ஓட்டம் என்பது பழகிய விதி. எட்டு மாறிக்கு 80. புள்ளிகளை லாட்டின் ஹைப்பர்கியூப் முறையில் (ஒவ்வொரு மாறியின் எல்லையையும் சம பங்குகளாக்கி, பங்குக்கு ஒரு புள்ளி எடுப்பது) தேர்ந்தெடுங்கள். பைத்தானின் சைபை தொகுப்பில் அதற்குத் தனிக் கருவி உண்டு.

புள்ளிகளை எங்கே பரப்புவது என்பதில் கவனம் வேண்டும். பரவலின்படியே எடுத்தால் 80-உம் சராசரியைச் சுற்றிக் குவிந்து, தோல்வி நடக்கும் ஓரத்தில் ஒன்றுகூட விழாது. ஒவ்வொரு மாறியையும் நியம நார்மல் அளவுக்கு மாற்றி, கழித்தல் 5 முதல் கூட்டல் 5 வரை சீராகப் பரப்புங்கள். மாற்றித் திரும்ப வரும்போது இயற்பியலுக்கு ஒவ்வாத எண் வந்தால், உதாரணமாக ஃபிளாஞ்சின் தடிமனைவிடத் துரு அதிகம் என்றால், பரவலையே திருத்த வேண்டும் என்று அர்த்தம்.

இப்படி அகலமாகப் பரப்பிக் கற்ற பதிலி எந்தப் பரவலையும் சார்ந்திராது. நாளை காற்றின் கும்பெலை மாற்றினாலும் புதிய ஓட்டம் பெரும்பாலும் தேவைப்படாது. பின்னால் இதைப் பயன்படுத்துவோம்.

கதவும் இரண்டு வகைத் தோல்வியும்

கதவு போகும் கணத்தில் விடை தாவுகிறது. மென்மையான வளைவையே எதிர்பார்க்கும் பதிலி அந்தத் தாவலை இருபுறமும் இழுத்து மழுப்பிவிடும், சுற்றுப்பகுதியிலும் அலையலையாகப் பிழை பரவும். எனவே கதவு மூடிய நிலைக்கு ஒன்று, போன நிலைக்கு ஒன்று என்று தனித்தனியே 80 ஓட்டம் செய்யுங்கள். 160 ஓட்டம், 10 மணி 40 நிமிடம், ஓர் இரவு. மான்டி கார்லோவில் ஒவ்வொரு மாதிரிக்கும் கதவின் தாங்குதிறனை ஒன்பதாவது மாறியாக எடுத்து, காற்றழுத்தம் அதை மீறினால் இரண்டாவது பதிலியையும் இல்லையென்றால் முதலாவதையும் கேளுங்கள்.

சட்டகம் மடங்குவதும் ஆங்கர் பிடுங்குவதும் இரண்டு வழி. இரண்டில் எது குறைவோ அதையே விடையாகக் கற்பித்தால் நடுவில் கூர்மையான மடிப்பு விழும். தனித்தனியே கற்பித்து, கடைசியில் குறைந்ததை எடுங்கள். ஆக நான்கு பதிலிகள். ஓட்டங்கள் அதே 160-தான், ஏனெனில் ஓர் ஓட்டத்திலிருந்தே இரண்டு விடையும் கிடைக்கும்.

காஸியன் ப்ராசஸ் பயிற்சி

இந்த அளவு தரவுக்கு எங்கள் முதல் தேர்வு, தெரிந்த புள்ளிகளின் வழியே மென்மையான வளைவு போட்டு ஊகிக்கும் காஸியன் ப்ராசஸ். ஒவ்வோர் ஊகத்துக்கும் கூடவே ஒரு திட்டவிலக்கத்தையும் அது தருகிறது. பல முடிவு மரங்களின் சராசரியான ரேண்டம் ஃபாரஸ்ட் தான் பார்த்த எல்லைக்கு அப்பால் தட்டையாகப் போய்விடும், வாலில் அதை நம்ப முடியாது. 160 புள்ளியில் நியூரல் நெட்வொர்க் தெரியாத இடத்திலும் தயங்காமல் பேசும்.

பைத்தானின் இயந்திரக் கற்றல் தொகுப்பான சைகிட்-லேர்னில் செய்வதானால் இவற்றைப் பாருங்கள். பக்கத்துப் புள்ளிகளின் விடைகள் எவ்வளவு ஒத்துப்போகும் என்று சொல்லும் சார்பான கர்னலுக்கு மாட்டெர்ன் வகை, மென்மை அளவு 2.5. நீளஅளவுக்கு (அந்த ஒத்துப்போதல் எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு) ஒரே எண் கொடுத்தால் எட்டு மாறிக்கும் அதே அளவு என்று எடுத்துக்கொள்ளும், எட்டு எண்கள் கொண்ட பட்டியல் கொடுக்க வேண்டும். விடையைச் சீராக்கும் தேர்வும் மறுதொடக்க எண்ணிக்கையும் தொடக்க அமைப்பில் அணைந்தும் பூஜ்யமாகவும் இருக்கும். முன்னதை இயக்கி, பின்னதை 10 ஆக்குங்கள். இரைச்சலுக்குப் பத்து லட்சத்தில் ஒன்று போன்ற மிகச் சிறிய எண் போதும், ஒரே உள்ளீட்டுக்கு ஃபைனைட் எலிமென்ட் எப்போதும் ஒரே விடைதான் தரும். ஒரு நீளஅளவு மேல் எல்லையில் போய் முட்டினால் அந்த மாறிக்குச் செல்வாக்கில்லை என்று பொருள், பயப்பட வேண்டாம். கீழ் எல்லையில் முட்டினால் தரவில் தாவலோ தவறான பதிவோ இருக்கிறது, நிறுத்தித் தேடுங்கள்.

பிறகு சோதனை. ஒவ்வொரு புள்ளியாக மறைத்து மற்றவற்றால் அதை ஊகிக்க வையுங்கள். பிழையை அந்த இடத்துத் திட்டவிலக்கத்தால் வகுங்கள். நூற்றில் 95 விடை கழித்தல் 2-க்கும் கூட்டல் 2-க்கும் இடையில் விழ வேண்டும். 3, 4 என்று அடிக்கடி வந்தால் மாதிரி தன்னம்பிக்கை மிகுந்தது. சராசரிப் பிழை அழகாகச் சிறியதாக இருந்தாலும் அதை ஏற்காதீர்கள்.

எங்கே தயங்குகிறதோ அங்கே ஓட்டுங்கள்

இனி வருவது 2011-இல் எஷார், கெய்டன், லெமேர் மூவரும் வெளியிட்ட முறை. உண்மைப் பரவல்களிலிருந்து ஒரு லட்சம் புள்ளிகளை எடுத்துப் பதிலியிடம் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஊகத்தின் பருமனை, குறி பார்க்காமல், அதன் திட்டவிலக்கத்தால் வகுங்கள். இதை யூ எண் என்பார்கள். யூ சிறியது என்றால் புள்ளி எல்லையை ஒட்டியிருக்கிறது, அல்லது மாதிரிக்கு அந்த இடம் தெரியாது. யூ மிகக் குறைந்த புள்ளியில் ஃபைனைட் எலிமென்டை ஓட்டி, விடையைச் சேர்த்து, மறுபடி பயிற்றுவியுங்கள். எல்லாப் புள்ளியிலும் யூ 2-ஐத் தாண்டியதும் நிறுத்தலாம். அப்போது எந்தப் புள்ளியும் தவறான பக்கத்தில் எண்ணப்பட்டிருக்கும் வாய்ப்பு 2.3 சதவீதத்துக்கு மேல் இல்லை.

திட்டவிலக்கத்தை மட்டும் கேளுங்கள். முழு இணைமாறுபாட்டு அணியைக் கேட்டால் ஒரு லட்சம் பெருக்கல் ஒரு லட்சம் எண்கள், 80 ஜிகாபைட். கணினி உறைந்துவிடும். மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிய புள்ளிகளையே திரும்பத் திரும்பக் கேட்டால் அணி சீர்கெட்டு எச்சரிக்கை வரும். அப்போது இரைச்சலைக் கொஞ்சம் கூட்டலாம், அல்லது பக்கத்தில் ஏற்கெனவே ஓட்டிய புள்ளிகளைத் தவிர்க்கலாம்.

விடையும் அதன் பட்டையும்

தோல்விப் புள்ளிகளை எண்ணி மொத்தத்தால் வகுத்தால் நிகழ்தகவு. அதை ஒற்றை எண்ணாக எழுதி வைக்காதீர்கள். ஊகத்திலிருந்து இரண்டு திட்டவிலக்கம் கழித்து ஒருமுறை, கூட்டி ஒருமுறை எண்ணுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி பதிலியின் அறியாமை. அது அகலமாக இருந்தால் இன்னும் ஓட்டம் தேவை. பிறகு எல்லையை ஒட்டிய 20 புதிய புள்ளிகளை எடுத்து உண்மையாகவே ஓட்டி ஒப்பிடுங்கள்.

அடுத்தது, முன்பு பிரித்து வைத்த காற்றுத் தரவின் அறியாமை. கும்பெலின் இரண்டு அளவுருக்களையும் அவற்றின் பிசகுக்கு ஏற்ப 200 முறை மாற்றி, ஒவ்வொரு முறையும் அதே பதிலியால் நிகழ்தகவைக் கணக்கிடுங்கள். புதிய ஃபைனைட் எலிமென்ட் ஓட்டம் ஒன்றும் வேண்டாம். யூ எண் எங்கேனும் 2-க்குக் கீழே இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 200 பீட்டாக்களின் நடுமதிப்பையும் 5, 95 சதவீத எல்லைகளையும் அறிக்கையில் எழுதுங்கள். பட்டையின் அகலம் பெரும்பாலும் கட்டடத்தால் வருவதல்ல, குறுகிய காற்றுப் பதிவால் வருவது. கோவில் நிர்வாகக் குழுவிடம் விளக்கும்போது அதை அப்படியே சொல்லுங்கள்.

இலக்கு 3.8 என்றால் ஒரு லட்சம் புள்ளியில் சராசரியாக ஏழு தோல்விதான் விழும், அதை நம்ப முடியாது. ஔ, பெக் இருவரும் 2001-இல் தந்த, அரிய தோல்வியைப் படிப்படியாக நெருங்கிப் பிடிக்கும் உட்கணச் சிமுலேஷனைப் பதிலியின் மேல் ஓட்டுங்கள்.

பணத்தை எங்கே செலவழிப்பது

இந்த வேலையில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கட்டடத்தைத் தொடும் பகுதியும் இதுதான். சோபோல் குறியீடுகளைக் கணக்கிட்டால் எந்த மாறி விடையை எவ்வளவு ஆட்டுகிறது என்று தெரியும். எட்டு மாறிக்கு 1,024 பெருக்கல் 10, அதாவது 10,240 கேள்விகள். பதிலிக்கு அது நொடி வேலை. காற்று முதலில் நிற்கும், அதை நாம் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு அடுத்து துருவோ ஆங்கரோ நின்றால் அளந்துவிடலாம்.

துருவை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் சராசரி இழப்பு 0.8 மி.மீ., அதன் மீதான சந்தேகம் 0.4 என்று வைத்திருந்தீர்கள். ஒரு மீயொலித் தடிமன்மானியோடு போய்த் தூண் அடியில் ஆறு இடத்தில் பூச்சைச் சுரண்டி அளக்கிறீர்கள். சராசரி 1.1, சிதறல் 0.3. ஆறின் வர்க்கமூலத்தால் வகுத்தால் சராசரியின் பிசகு 0.12. பேயஸ் விதிப்படி இரண்டையும் எடைபோட்டுச் சேர்த்தால் புதிய சராசரி 1.07, சந்தேகம் 0.12. இழப்பு நினைத்ததைவிட அதிகம், ஆனால் இப்போது அது உங்களுக்கு உறுதியாகத் தெரியும். இடத்துக்கு இடம் மாறும் 0.3 சிதறல் அப்படியேதான் இருக்கிறது, அதையும் சேர்த்து ஓட்ட வேண்டும். பேஸ் பிளேட்டின் மேல்முகத்துக்குச் சற்று மேலே, தண்ணீர் தேங்கும் மூலையில் கட்டாயம் அளந்திருக்க வேண்டும். கைக்கு எட்டும் உயரத்தில் ஆறும் அளந்தால் நல்ல செய்திதான் வரும்.

ஆங்கருக்கு இழுவைச் சோதனை செய்யலாம். ஒரே தொகுதியில் வாங்கிய, ஒரே ஆள் பதித்த போல்ட்டுகள் ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவை. ஒன்று பலவீனமென்றால் மற்றதும் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம். நான்கையும் சார்பற்றவை என்று வைத்துக் கணக்கிட்டால் விடை பொய்யாக நன்றாக வரும்.

சில வேளை கணக்கு மலிவான வழியைக் காட்டும். நம் கூடத்தில் கதவின் சட்டத்தையும் தாழ்ப்பாளையும் பலப்படுத்துவது தோல்வி நிகழ்தகவை எவ்வளவு இறக்கும், எம்16-ஐ எடுத்து எம்20 பதிப்பது எவ்வளவு இறக்கும் என்று இரண்டையும் பதிலியிடம் கேளுங்கள். கடப்பாரை எடுத்துக் கான்கிரீட்டை உடைப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது. புயலின் கண் கடந்த பிறகு காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் என்பதால் ஒரு பக்கக் கதவை மட்டும் பலப்படுத்திக் கணக்கிடாதீர்கள்.

அறிக்கையில் என்ன இருக்க வேண்டும்

பதிவு பெற்ற பொறியாளர் விதிநூல்படி செய்த கணக்கு முதலில், இந்தக் கணக்கு அதற்குப் பின்னிணைப்பாக. விதிநூல் தவறு என்று சொல்லும் ஒன்றைப் பீட்டா சரி என்று சொன்னால், முதலில் உங்கள் மாறிப் பட்டியலைச் சந்தேகியுங்கள்.

பட்டியலின் நான்கு விவரங்கள், ஒருங்காத ஓட்டங்களின் எண்ணிக்கையும் அவற்றை என்ன செய்தீர்கள் என்பதும், மறைத்துச் சோதித்த முடிவு, கடைசி யூ எண், பட்டைகளோடு பீட்டா, சமவாய்ப்பு விதை எண், மென்பொருள் பதிப்புகள், எல்லா ஓட்டங்களின் உள்ளீடும் விடையும் கொண்ட கோப்பு. கோப்பு இருந்தால் ஐந்து ஆண்டு கழித்து வேறொருவர் உங்கள் 160 ஓட்டத்தின் மேல் தன் 40-ஐச் சேர்க்கலாம்.

புயல் பருவம் நவம்பர் 1-இல் தொடங்கி மே 15 வரை. தடிமன் அளப்பதையும் ஆங்கர் நட்டுகளைப் பார்ப்பதையும் அக்டோபருக்குள் முடித்துவிடுங்கள். தீவின் உச்ச எச்சரிக்கையான நான்காம் வகுப்பு வரை போன ஒவ்வொரு புயலுக்குப் பிறகும், அருகிலுள்ள நிலையத்தில் பதிவான வீச்சைக் காற்று வரிசையில் சேர்த்து, போல்ட் துளைகள் நீண்டிருக்கின்றனவா, பேஸ் பிளேட்டுக்கு அடியில் கிரவுட் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, அடித்தள விறைப்பின் பரவலைத் திருத்தி மறுபடி ஓட்டுங்கள். பதிலி கையில் இருப்பதால் அது அரை நாள் வேலை.